பழைய கான்கிரீட் தரை: மேலே பூசினால் போதுமா, உடைத்துப் போட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரிலிருந்து அப்பா வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்புகிறார். வீட்டு வாசலில், கார் நிற்கும் இடத்தில் போட்டிருக்கும் கான்கிரீட் தரை. வீடு கட்டும்போதே போட்டது, இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. மேல்பூச்சு உரிந்து ஜல்லி தெரிகிறது. நடுவில் நீளமாக ஒரு விரிசல். மூலையில் மழைத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கிறது.

கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஒரு மேஸ்திரி, மேல ஒரு கோட்டிங் போட்டா போதும், ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்ங்கிறார். இன்னொருத்தர், மொத்தமா உடைச்சுட்டுப் புதுசா போடணும்ங்கிறார். ரெண்டு பேர் ரேட்டும் மலைக்கும் மடுவுக்குமா இருக்கு. நீ என்னம்மா சொல்றே?"

மழைக்காலம் முடிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்விதான் இது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் போட்டோவைப் பார்த்து, குறைந்த ரேட்டுக்கு 'சரி' சொல்லிவிடுவதும் நடக்கிறது. பிரச்சினை என்னவென்றால், போட்டோவில் தெரிவது மேல்பரப்பு மட்டும்தான். முடிவு செய்ய வேண்டிய விஷயம் அதற்குக் கீழே இருக்கிறது.

இரண்டு வழிகளும் என்ன?

முதல் வழி, பழைய தரையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் புதிய அடுக்கு போடுவது. இதிலேயே இரண்டு வகை உண்டு. பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுவது ஒன்று. ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்குப் பொடி ஜல்லி கலந்த கான்கிரீட்டைப் பழைய தரையோடு ஒட்டும்படி போடுவது இன்னொன்று.

இரண்டாவது வழி, பழைய தரையை உடைத்து அள்ளிவிட்டு, அடியில் இருக்கும் மண்ணையும் சரிசெய்து, புதிய கான்கிரீட் போடுவது.

மேலே போடும் அடுக்குக்குத் தனியாக உயிர் கிடையாது. கீழே இருக்கும் தரை எப்படியோ அப்படித்தான் அதுவும். கீழே அசைந்தால் மேலேயும் பிளக்கும். கீழே பொரிந்தால் மேலேயும் பெயரும். கீழே கெட்டியாக இருந்தால் அதுவும் பல வருஷம் கெட்டியாக இருக்கும். அதனால், தரை எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. பார்க்கச் சகிக்காத தரைக்கு ஒரு பூச்சு போதுமானதாக இருக்கலாம். பார்க்க ஓரளவு நன்றாக இருக்கும் தரையை உடைக்க வேண்டியும் வரலாம்.

முதலில் அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி

"அந்தத் தரைக்கு அடியில என்னப்பா இருக்கு?"

இதுதான் முதல் கேள்வி. தமிழ்நாட்டு நகரங்களில் 30க்கு 40, 30க்கு 60 மனைகளில் கட்டிய வீடுகளில் இடம் குறைவு. அதனால் தண்ணீர் சம்ப்பையும் செப்டிக் டேங்க்கையும் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியிலேயே கட்டுவது சகஜம். அப்போது மேலே பார்ப்பது ஒரே தரை மாதிரி இருந்தாலும், உண்மையில் அது இரண்டு வெவ்வேறு தளங்கள்.

ஒன்று, மண் மேல் உட்கார்ந்திருக்கும் தரை. அது விரிந்தாலும் உடைந்தாலும் கீழே விழ இடமில்லை. கால் தடுக்கும், தண்ணீர் தேங்கும், கார் ஆடும். பெரும்பாலும் அதோடு சரி.

இன்னொன்று, தொட்டியின் மேல் பாலம் போல நிற்கும் கம்பி கட்டிய தளம். அதன் சுமை முழுவதையும் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிதான். கம்பி துருப்பிடித்து மெலிந்தால், தளம் உடைந்து கீழே இறங்கும். மேலே நிற்பது காராகவும் இருக்கலாம், விளையாடும் குழந்தையாகவும் இருக்கலாம்.

தொட்டி மேல் இருக்கும் தளத்தில் விரிசலோ, துருக் கறையோ, பொரிந்த கான்கிரீட்டோ தெரிந்தால், 'மேலே ஒரு கோட்டிங்' என்ற பேச்சையே அங்கே நிறுத்திவிட வேண்டும். அது புண்ணுக்குப் புனுகு தடவுகிற வேலை. பூச்சினால் தளத்துக்கு வலு கூடாது. கூடுவது எடை மட்டும்தான். அதைவிட மோசம், எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்த விரிசலையும் அது மறைத்துவிடும். இங்கே ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர் நேரில் பார்த்துச் சொல்வதுதான் சரி. அதுவரை காரை வெளியே நிறுத்துங்கள், அந்த இடத்தில் யாரும் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்க்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை, தளத்தின் அடிப்புறத்தில் வளரும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் கான்கிரீட்டை அடியிலிருந்து அரிக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 'பார்க்க நல்லாத்தானே இருக்கு' என்பதை இங்கே நம்ப முடியாது.

அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரையும் உள்ளே இறக்கவும் கூடாது. செப்டிக் டேங்க்குக்குள் இருக்கும் வாயு சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. லாரி வைத்து உறிஞ்சி எடுத்த பிறகும் உள்ளே வாயு தங்கியிருக்கலாம். மூடியைத் திறந்து, மேலிருந்தபடியே டார்ச் லைட்டும் குச்சியில் கட்டிய மொபைல் கேமராவும் வைத்துப் பார்ப்பது போதும். அப்போதும் குனிந்து முகத்தை உள்ளே நீட்டக் கூடாது. பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. மீத்தேன் தீப்பற்றும்.

கம்பி துருப்பிடித்தால் என்ன ஆகும்?

நல்ல கான்கிரீட் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இருக்கும் வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. வருஷங்கள் போகப் போக, காற்றில் இருக்கும் கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஈரமும் காற்றும் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது.

துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே இடம் கிடையாது என்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. கம்பி போகும் பாதையிலேயே நேர்கோட்டில் விரிசல், பழுப்புக் கறை, பொரிந்து விழும் துண்டுகள் எல்லாம் இதன் அடையாளங்கள்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலில் இருக்கும் கான்கிரீட்டைக் 'கடுமையான' சூழல் பட்டியலில் வைக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட் அங்கே குறைந்தபட்சம் எம்30 தரத்தில் இருக்க வேண்டும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. கவர் பிளாக் வைக்காமல், கம்பியைத் தரையில் கிடத்தி மேலே கலவையைக் கொட்டிய பழைய வீடுகளில் இந்த மறைப்பு இருக்க வாய்ப்பில்லை. கம்பி வரை துரு போய்விட்ட தளத்தின் மேல் எந்தப் பூச்சும் நிற்காது.

மண் மேல் இருக்கும் தரையா? இந்த 6 சோதனைகள் போதும்

அடியில் தொட்டி இல்லை, மண்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் கொஞ்சம் நிம்மதி. இனி அந்தத் தரையே பேசும். வீட்டில் இருப்பவர்களே செய்து பார்க்கலாம்.

1. தட்டிப் பார்ப்பது: ஒரு சின்னச் சுத்தியலால் அடிக்கு ஒரு இடமாகத் தரையைத் தட்டுங்கள். 'டங்' என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் நல்லது. 'தொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால், மேல் அடுக்கு பெயர்ந்திருக்கிறது அல்லது அடியில் மண் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

2. ஏடிஎம் கார்டு சோதனை: ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மி.மீ. முடி போல ஓடும் விரிசலில் கார்டு நுழையாது. அது பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது சுருங்கியதால் வந்தது, பயமில்லை. கார்டு தாராளமாக உள்ளே போனால், அந்த விரிசலைக் கவனிக்க வேண்டும்.

3. மட்டம் பார்ப்பது: விரிசலின் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரமா, ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா? ஒரு பக்கம் இறங்கியிருந்தால், பிரச்சினை கான்கிரீட்டில் இல்லை, அடிமண்ணில் இருக்கிறது.

4. தேதி போடுவது: விரிசல் முடியும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே சிமெண்ட் கலவையை மெல்லிய பட்டையாகப் பூசுவதும் பழைய கொத்தனார்களின் வழக்கம். வெயில் காலம் ஒன்று, மழைக் காலம் ஒன்று போகட்டும். கோட்டைத் தாண்டி விரிசல் ஓடியிருந்தாலோ, பட்டை பிளந்திருந்தாலோ, தரை இன்னும் அசைகிறது. பழைய விரிசல் பெரிதாக இருந்தாலும் அசையவில்லை என்றால் சமாளிக்கலாம். சின்ன விரிசல் வளர்ந்துகொண்டே போனால் சமாளிக்க முடியாது.

5. தண்ணீர் தெளிப்பது: காய்ந்த தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சிக்கொண்டால் புதிய பூச்சு பிடிக்க வாய்ப்புண்டு. முத்து முத்தாக நின்றால், எண்ணெயோ பழைய சீலரோ பெயிண்டோ ஊறியிருக்கிறது. அதை எடுக்காமல் எதைப் பூசினாலும் உரியும்.

6. பாலித்தீன் ஒட்டுவது: ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப் போட்டுத் தரையோடு ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கருத்திருந்தாலோ, மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்தத் தரையில் எபாக்சி போன்ற காற்றுப் புகாத பூச்சு போட்டால் கொப்புளித்து எழும்பும்.

எப்போது பூச்சு போதும்?

தட்டினால் கெட்டிச் சத்தம் வருகிறது, விரிசல்கள் முடி போல இருக்கின்றன, எந்தப் பக்கமும் இறங்கவில்லை, ஒரு வருஷமாக எதுவும் வளரவில்லை. மேலே மட்டும் தேய்ந்து, தூசி கிளம்பி, ஜல்லி தெரிகிறது. இந்த நிலையில் உடைப்பது காசைக் கரியாக்குவது. அடியில் இருப்பது நல்ல கான்கிரீட். அதற்குப் புதுத் தோல் கொடுத்தால் போதும்.

ஆனால், அந்தத் தோல் பிடிப்பதும் உரிவதும் பூசும் கலவையைவிடப் பூசுவதற்கு முன் செய்யும் வேலையைப் பொறுத்தது. 'போன வருஷம் போட்டேன், இந்த வருஷம் அப்பளம் மாதிரி பெயர்ந்துடுச்சு' என்று புலம்புபவர்களின் வீட்டில் பெரும்பாலும் இந்த வேலையில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

பழைய தரையின் மேல் இருக்கும் பலவீனமான பால் அடுக்கு, பாசி, எண்ணெய், பெயிண்ட் எல்லாவற்றையும் எடுத்து, கிரைண்டராலோ கொத்தியோ சொரசொரப்பாக்க வேண்டும். வெற்றுச் சத்தம் வந்த இடங்களைக் கொத்தி எடுத்துத் தனியாக அடைக்க வேண்டும். தூசியைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். தரை உள்ளே ஈரம் குடித்திருக்க வேண்டும், மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. காய்ந்த தரை புதுக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், தண்ணீர் நிற்கும் தரையில் கலவை ஒட்டாது.

அடுத்தது ஒட்டுப்பூச்சு. எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் கூழோ அதுபோன்ற பாண்டிங் ஏஜென்ட்டோ தடவி, அது ஈரமாக இருக்கும்போதே மேலே கலவை போட வேண்டும். காலையில் முழுத் தரைக்கும் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டு, சாப்பிட்டு வந்து மதியம் கலவை போட்டால், நடுவில் காய்ந்த அந்தப் பால் அடுக்கே இரண்டையும் பிரித்துவிடும். ஒட்டுவதற்காக ஊற்றியதே உரிவதற்குக் காரணமாகிவிடும்.

பழைய தரையில் வெட்டுக்கோடு, அதாவது ஜாயின்ட் இருந்தால், புதுப் பூச்சிலும் அதே இடத்தில் வெட்டுக்கோடு வர வேண்டும். மூடி மறைத்தால், சில மாதங்களில் அதே கோட்டில் விரிசல் தானாக வரும்.

வெளியே போடுவதால் வழவழப்பாகத் தேய்த்து முடிக்கக் கூடாது. மழை நாளில் வயதானவர்கள் வழுக்கி விழுவது இப்படிப்பட்ட தரைகளில்தான். பிரஷ் இழுத்துச் சொரசொரப்பாக முடிப்பது பாதுகாப்பு. பழைய தரையின் மேல் பளபள டைல்ஸ் ஒட்டுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எப்போது உடைத்தே ஆக வேண்டும்?

ஒரு பக்கம் இறங்கிய விரிசல்கள், ஆண்டுதோறும் அகலமாகும் விரிசல்கள், தட்டினால் பாதித் தரைக்கு மேல் வெற்றுச் சத்தம், கையால் கிளறினாலே மணலாக உதிரும் கான்கிரீட். இதில் எது இருந்தாலும் பூச்சு வீண்.

கரிசல் மண்ணும் களிமண்ணும் உள்ள பகுதிகளில் இது அதிகம். அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே இருக்கும் நாலங்குலத் தரை வருஷத்துக்கு ஒருமுறை தூக்கப்பட்டு, இறக்கப்படுகிறது. இன்னொரு வகை, வீடு கட்டும்போது தோண்டிய மண்ணையே அள்ளிக் கொட்டி, சரியாகத் தட்டாமல் மேலே கான்கிரீட் போட்ட இடங்கள். தண்ணீர்க் குழாய் கசிந்து மண் கரைந்துபோன இடங்களும் உண்டு. இங்கே பழைய தரையை உடைப்பதே அடிமண்ணைச் சரிசெய்வதற்காகத்தான். அடிமண்ணைத் தொடாமல் புதிய கான்கிரீட் மட்டும் போட்டால், அதுவும் பழைய வழியிலேயே போகும்.

புதிதாகப் போடும்போது கவனிக்க வேண்டியவை இவை:

● மென்மையான மண்ணை எடுத்துவிட்டு, கிராவலை நாலு முதல் ஆறு அங்குலம் நிரப்பி, தண்ணீர் தெளித்து மெஷினால் தட்ட வேண்டும்.

● சாதாரணக் கார்களுக்கு நாலு அங்குலக் கனம் போதும். கனமான வண்டி வரும் இடத்துக்கு ஐந்து, ஆறு அங்குலம் தேவை. கோடையில் தண்ணீர் லாரி வாசலுக்குள் வருமா என்று யோசியுங்கள். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீரின் எடை மட்டுமே 12 டன்.

● வீட்டுச் சுவரிலிருந்து வெளியே தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும். எட்டு அடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் என்பது சரியான கணக்கு.

● எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு வெட்டுக்கோடு, கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வேண்டும். கான்கிரீட் காயும்போது சுருங்கியே தீரும். கோடு போட்டால் கோட்டுக்குள் விரியும், போடாவிட்டால் இஷ்டப்பட்ட இடத்தில் விரியும். மெஷினால் வெட்டுவதென்றால் மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல், நம் ஊர் வெயிலுக்கு அன்றைக்கே வெட்டுவது நல்லது.

● கலவை இளக்கமாக இருக்கட்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். ஊற்றும் ஒவ்வொரு குடமும் கான்கிரீட்டின் பலத்தைக் குறைக்கிறது. சில வருஷத்தில் மேல்பரப்பு தூசியாக உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

● கியூரிங். இப்போது வீடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் பி.பி.சி. சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் தரை ஈரமாகவே இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. அதை 14 நாள் வரை நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. ஈரச் சாக்கு போர்த்துவது, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எல்லாம் இதற்குத்தான்.

மட்டம் ஏறினால் வீட்டுக்கு ஆபத்து

பூச்சா, உடைப்பா என்ற கேள்விக்கு நடுவே மூன்றாவதாக ஒரு யோசனை வரும். "பழசு அப்படியே கெடக்கட்டும் சார், அது மேலயே நாலு இஞ்ச் போட்டுடலாம். ரோடும் ஒசந்துபோச்சு, வாசலும் ஒசரட்டும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். சாலை மேல் சாலை போட்டு வீடுகள் பள்ளத்தில் போனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது இதனால்தான். சாலையில் நடந்த அதே தவறை வாசலில் நாமே செய்யக் கூடாது.

வீட்டுச் சுவரில், தரை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி. என்ற அடுக்கு இருக்கும். வாசல் தளம் அந்த அடுக்கைத் தாண்டி உயர்ந்துவிட்டால், மண் ஈரமும் மழைச் சாரலும் தடையில்லாமல் சுவரில் ஏறும். ஹாலில் பெயிண்ட் உப்புப் பூத்து உதிரத் தொடங்கும். கேட் திறக்காது, படியில் ஒன்று காணாமல் போகும், சம்ப் மூடி பள்ளத்தில் போய் மழைத் தண்ணீர் குடிநீரில் கலக்கும். உயர்த்துவது என்று முடிவெடுத்தால் இவை ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

செலவை எப்படி ஒப்பிடுவது?

ரேட் ஊருக்கு ஊர் மாறும். பொருளின் அளவு மாறாது. 20 அடிக்கு 10 அடி தரையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 200 சதுர அடி.

5 மி.மீ. பூச்சுக்குத் தேவையான கலவை, சுமார் 200 கிலோ.

உடைத்து நாலு அங்குலம் போடுவதென்றால், முதலில் அள்ள வேண்டிய இடிபாடு மட்டும் சுமார் நாலரை டன். பிறகு 1:1½:3 கலவைக்குச் சுமார் 15 மூட்டை சிமெண்ட், கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமாக எம்-சாண்ட், அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாக முக்கால் ஜல்லி. இதோடு பிரேக்கர் வாடகை, கிராவல், ஆள்கூலி, இரண்டு வாரம் காரை வெளியே நிறுத்தும் தொல்லை.

இரண்டு ரேட்டுக்கும் நடுவில் ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பது இப்போது புரியும். அதனால் மொத்தத் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. எத்தனை வருஷம் நிற்கும் என்பதால் வகுத்துப் பாருங்கள். கெட்டியான தரையின் மேல் ஒழுங்காகப் போட்ட பூச்சு பல வருஷம் வரும், அங்கே அதுதான் மலிவு. அசையும் தரையின் மேல் போட்ட பூச்சு ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. கடைசியில் பூச்சுக் காசும் போய், உடைக்கும் காசும் சேர்ந்துகொள்ளும்.

இடிபாடு எங்கே போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டுவது விதிமீறல். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளை மறுசுழற்சி செய்யும் மையங்கள் இருக்கின்றன.

நடுவழி உண்டா?

உண்டு. தரை முழுவதும் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மூலையில் ஒரு பாளம் மட்டும் இறங்கியிருந்தால், மெஷினால் நேர்கோட்டில் வெட்டி அந்தப் பாளத்தை மட்டும் எடுத்து, மண்ணைச் சரிசெய்து, புதிதாகப் போடலாம். பிறகு மொத்தத்துக்கும் ஒரே பூச்சு கொடுக்கலாம். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் வெட்டுக்கோடு இருந்தால் போதும்.

உடைப்பது என்று ஆகிவிட்டால், மறுபடியும் கான்கிரீட்தான் போட வேண்டுமா என்றும் யோசிக்கலாம். தட்டிய கிராவல் மேல் மணல் பரப்பி இன்டர்லாக் பேவர் கல் பதித்தால், நாளைக்கு ஒரு இடம் இறங்கினாலும் அந்தக் கற்களை மட்டும் எடுத்து, மட்டம் பார்த்து, திரும்பப் பதிக்க முடியும். இடுக்கு வழியாகக் கொஞ்சம் மழைநீரும் மண்ணுக்குள் இறங்கும். எதைப் போட்டாலும், 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழியைப் புதுத் தரை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரியிடம் கேட்க 5 கேள்விகள்

1. அடியில் சம்ப், செப்டிக் டேங்க் எது வரை இருக்கிறது என்று பார்த்தீர்களா?

2. தரையைத் தட்டிப் பார்த்தீர்களா, எந்தெந்த இடத்தில் வெற்றுச் சத்தம் வருகிறது?

3. பூச்சு என்றால், பழைய மேல்பரப்பை எப்படி எடுக்கப்போகிறீர்கள், ஒட்டுவதற்கு என்ன போடுவீர்கள்?

4. உடைப்பது என்றால், அடிமண்ணுக்கு என்ன செய்வீர்கள், இடிபாட்டை எங்கே கொண்டுபோவீர்கள்?

5. வேலை முடிந்த பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வாசல் மட்டம் எவ்வளவு ஏறும்?

இந்த ஐந்துக்கும் நிதானமாகப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்' என்று தள்ளிவிடுபவரின் ரேட் குறைவாகவே இருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

அப்பாவுக்கு என்ன பதில் அனுப்புவது? "ரெண்டு மேஸ்திரிக்கும் இன்னும் எதுவும் சொல்லாதீங்கப்பா. செப்டிக் டேங்க் எங்கேயிருந்து எங்க வரைக்கும் இருக்குன்னு வீட்டு பிளானைப் பார்த்துச் சொல்லுங்க. தெரியற வரைக்கும் காரை வெளிய நிறுத்துங்க. சனிக்கிழமை வரும்போது நான் சுத்தியலோட வர்றேன்."